ஆன்லைன் ஆர்பிஜியில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆர்பிஜிக்குள், அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று வளர்த்துக்கொண்டு போகும் கேமுக்குள், புதிதாக வந்தவர் எங்காவது தடுமாறி நின்றால், பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் தேடுகிறார்: இன்னும் நாலு லெவல் ஏற்றிவிடலாம், இன்னும் நல்ல வாள் ஒன்று வாங்கிவிடலாம். நாள் முழுக்க ஆடுபவருக்கு அது கட்டுப்படியாகும். வேலையும் படிப்பும் முடித்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் உட்காருகிறவருக்குக் கட்டுப்படியாகாது. இந்த வழிமுறை அவருக்காகத்தான்.

புதியவர்கள் சிக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு லெவலோ கியரோ (ஆயுதம், கவசம்) காரணமில்லை. மாற்றாமல் விட்ட ஒரு செட்டிங், கையில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம், கேம் வாய் திறந்து சொல்லாத ஒரு விதி, இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம். அதைக் கண்டுபிடித்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். கண்டுபிடிக்காமல் லெவலை ஏற்றினால் கோளாறும் கூடவே ஏறி வரும்.

எடுத்துக்காட்டுகளை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டஸி 14, கில்டு வார்ஸ் 2, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன், ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறேன். நீங்கள் ஆடுவது வேறு கேமாக இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கியர், ஸ்கில், செட்டிங் மூன்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும்.

"ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாகிறேன்"

செத்ததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். எது கொன்றது என்ற பதிவைப் படியுங்கள். வார்கிராஃப்டிலும் எல்டர் ஸ்க்ரோல்ஸிலும் சாகும்போதே கடைசியாக வாங்கிய அடிகளின் பட்டியலைப் பார்க்கலாம். ஃபைனல் ஃபேண்டஸியில் சாட் பெட்டியில் உள்ள சண்டைப் பதிவை மேலே நகர்த்திப் படிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பொதுவாக மூன்று வடிவங்களில் ஒன்று தெரியும்.

முதல் வடிவம்: ஒரே ஒரு பெரிய அடி, உயிர் போய்விட்டது. அது விலக வேண்டிய அடி, அல்லது தடுக்க வேண்டிய அடி. எதிரியின் பெயருக்குக் கீழே, அவன் அடிக்குத் தயாராவதைக் காட்டும் ஒரு பட்டை நிரம்பிக்கொண்டே வந்ததா? அதைத் தடுக்கும் ஸ்கில் உங்கள் கிளாஸில் (மந்திரவாதி, வீரன் என நீங்கள் தேர்ந்தெடுத்த வகையில்) இருக்கிறதா என்று பாருங்கள். பல கிளாஸ்களுக்கு இருக்கிறது. புதியவர் அதை பாரில் (திரையில் ஸ்கில் பட்டன்கள் இருக்கும் வரிசையில்) ஒரு மூலையில் போட்டுவிட்டு மறந்துபோகிறார். வார்கிராஃப்டில் பட்டையின் அருகே கேடயக் குறி இருந்தால் தடுக்க முடியாது, இல்லையென்றால் முடியும். ஃபைனல் ஃபேண்டஸியில் தடுக்கக்கூடிய பட்டை ஒளிர்ந்து துடிக்கும். கில்டு வார்ஸ் 2-இல் பெரிய எதிரிகளுக்கு உயிர்ப் பட்டைக்குக் கீழே நீலப் பட்டை ஒன்று வரும். மயக்குவது, தள்ளிவிடுவது, உறைய வைப்பது போன்ற ஸ்கில்களால் அதைக் காலிசெய்ய வேண்டும். சாதாரண அடியை எத்தனை அடித்தாலும் அது அசையாது.

அதே கேமில் உருண்டு விலகுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்த எண்டூரன்ஸ், அதாவது உருளச் செலவாகும் தெம்பு, 100. ஒரு உருளலுக்கு 50 செலவாகும். வினாடிக்கு 5 வீதம் திரும்பும். அதாவது இரண்டு முறை உருண்டுவிட்டால் அடுத்ததற்குப் பத்து வினாடி காத்திருக்க வேண்டும். உருளும்போது முக்கால் வினாடிக்கு எந்த அடியும் படாது. பதற்றத்தில் இரண்டையும் சிறிய அடிகளுக்குச் செலவழித்துவிட்டுப் பெரிய அடி வரும்போது வெறுங்கையுடன் நிற்பதுதான் புதியவர்கள் சாகும் வழக்கமான வழி. ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். வேறெதுவும் மாற்றாமலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் வடிவம்: சின்னச் சின்ன அடிகள், ஆனால் மூன்று நான்கு பெயர்களிடமிருந்து. நீங்கள் ஒருவனை அடிக்கப் போய்க் கூட்டத்தை இழுத்துவிட்டீர்கள். சண்டை தொடங்குமுன் ஐந்து வினாடி நின்று சுற்றிப் பாருங்கள். ரோந்து போகிறவன் கடந்து போகட்டும். தூரத்திலிருந்து ஒரு அடி கொடுத்து, பின்னால் நகர்ந்து, ஏற்கெனவே காலிசெய்த இடத்துக்கு அவனை வரவழைத்து அங்கே வைத்துச் சண்டை போடுங்கள். பார்க்க மெதுவான வழிபோலத் தெரியும். செத்து, கல்லறையிலிருந்து ஓடி வரும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் இதுதான் வேகம்.

மூன்றாம் வடிவம்: ஒரே எதிரி, சாதாரண அடிதான், ஆனாலும் தாங்கவில்லை. இங்கேதான் லெவலையும் கியரையும் சந்தேகப்பட வேண்டும். எதிரியின் பெயர் நிறத்தையும், அருகில் உள்ள எண்ணையும் முதலில் பாருங்கள். உங்களைவிட ஐந்து லெவல் மேலே இருப்பவனிடம் மோதிக்கொண்டிருந்தால் அந்த இடம் இன்னும் உங்களுக்கானது இல்லை.

எதிரியின் லெவல் உங்களோடு சேர்ந்தே ஏறும் கேம்களில் கதை வேறு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016-இல் உலகம் முழுவதையும் அப்படி மாற்றியது. வார்கிராஃப்டும் 2018 முதல் பெரும்பாலான பகுதிகளில் இதே முறையைப் பின்பற்றுகிறது. இவற்றில் லெவல் ஏறியும் பழைய கியரையே போட்டிருந்தால் முன்பைவிட நீங்கள் பலவீனமாகத்தான் ஆவீர்கள். "லெவல் ஏற ஏறக் கஷ்டமாகிறது" என்று பலர் சொல்வது பிரமை இல்லை. ஐந்து லெவலுக்கு ஒருமுறை உடல் முழுக்க என்ன போட்டிருக்கிறோம் என்று பாருங்கள். குறிப்பாக ஆயுதம், அடியின் பலத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. குவெஸ்ட் (கேம் கொடுக்கும் பணி) தரும் பொருள்களே லெவலிங் காலத்துக்குப் போதும். ஃபைனல் ஃபேண்டஸியில் கேரக்டர் சாளரத்தில் இருப்பதிலேயே நல்லதைத் தானாக மாட்டிவிடும் பட்டன் இருக்கிறது.

"எதிரி சாக ரொம்ப நேரமாகிறது, என் அடி மட்டும் குறைவு"

புதியவர்களை அதிகம் வருத்துவது இதுதான். தவறான மருந்து அதிகம் செலவாகும் இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு ஸ்கில்லை அழுத்தியதும் மற்ற ஸ்கில்கள் சிறிது நேரம் மங்கலாகும். இதை ஜிசிடி என்று ஆடுபவர்கள் சொல்வார்கள். ஃபைனல் ஃபேண்டஸியில் அடிப்படை ஜிசிடி 2.5 வினாடி, வார்கிராஃப்டில் 1.5 வினாடி, வேகம் கூட்டும் கியரால் கொஞ்சம் குறையும். இப்போது ஒரு கணக்கு. ஐந்து நிமிட பாஸ் (பெரிய எதிரி) சண்டை என்றால் 300 வினாடி. 2.5 வினாடிக்கு ஒன்று வீதம் இடைவிடாமல் அழுத்தினால் 120 அடிகள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு "அடுத்து எது" என்று அரை வினாடி யோசித்தால் 100 அடிகள்தான் விழும். இருபது அடிகள், அதாவது ஆறில் ஒரு பங்கு, யோசனையில் போய்விட்டது. வாளை மாற்றி இதை ஈடுகட்டுவது பெரும்பாடு.

ஆகவே முதல் சோதனை இது. ஊரில் இருக்கும் பயிற்சிப் பொம்மை முன்னால் போய் நில்லுங்கள். சரியான வரிசை, தவறான வரிசை என்று எதையும் பார்க்காமல் மூன்று நிமிடம் இடைவெளி விடாமல் எதையாவது அழுத்திக்கொண்டே இருங்கள். மங்கல் நீங்கியதும் உடனே அடுத்தது விழ வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. தவறான ஸ்கில்லை அழுத்தினாலும் எதையும் அழுத்தாமல் நிற்பதைவிட அது மேல். அனுபவசாலிகள் எல்லா கிளாஸுக்கும் சொல்லும் முதல் பாடம் இதுதான், நானும் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மங்கல் முழுதும் தீரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. முந்தைய ஸ்கில் முடியச் சற்று முன்பே அடுத்ததை அழுத்தினால் பல கேம்கள் அதை வரிசையில் வைத்துக்கொள்ளும். வார்கிராஃப்டில் இதற்கான இயல்பான இடைவெளி 400 மில்லிவினாடி. பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், அதிகமாக உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

இடைவெளி சரியானதும் இரண்டாவது சோதனை: பதுக்கி வைத்த ஸ்கில்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் பெரிய ஸ்கில்லைப் "பிறகு தேவைப்படும்" என்று வைத்திருப்பது எல்லாப் புதியவரிடமும் இருக்கும் குணம். அதே ஐந்து நிமிடச் சண்டையில் தொடக்கத்திலேயே போட்டால் மூன்று முறை கிடைக்கும்: தொடக்கத்தில், இரண்டாம் நிமிடத்தில், நான்காம் நிமிடத்தில். முதல் முறையை ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளிவிட்டால் மூன்றாவது கிடைக்கவே கிடைக்காது. சண்டை தொடங்கியதும் போடுங்கள், திரும்பியதும் போடுங்கள். எப்போது நிறுத்தி வைப்பது என்ற நுணுக்கம் பிறகு தானாக வரும்.

மூன்றாவதுதான் வரிசை, அதாவது ரொட்டேஷன். இணையத்தில் கிடைக்கும் இருபது வரி வரிசையை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள்: எப்போதும் ஓட வேண்டிய நச்சு, ரத்தக் கசிவு போன்ற தொடர் அடிகள் எவை, கிடைத்த உடனே போட வேண்டியவை எவை, இரண்டும் இல்லாதபோது நிரப்பிக்கொள்ளும் சாதாரண அடி எது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ரொட்டேஷனின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். ஒரு வாரம் முதல் வகையை மட்டும் கவனியுங்கள், அடுத்த வாரம் இரண்டாவது.

இவை மூன்றும் சரியாக இருந்தும் அடி குறைவு என்றால் கியரைப் பாருங்கள். அப்போதும் மேலே தெரியும் மொத்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மந்திரவாதிக்கு வலிமை ஏற்றும் கவசம் எவ்வளவு உயர்ந்த எண் காட்டினாலும் பயனில்லை. உங்கள் கிளாஸின் முதன்மைப் பண்பு எது என்பதை ஸ்கில் விளக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸில் புள்ளிகளை உயிர், மேஜிக்கா, ஸ்டாமினா மூன்றுக்கும் சமமாகப் பங்கிட்டவர்களுக்கு அடி குறைவதற்கு அதுவே காரணம். நீங்கள் அதிகம் அழுத்தும் ஸ்கில்கள் எதைச் செலவழிக்கின்றனவோ அதிலேயே பெரும்பாலும் போடுங்கள்.

அடியை அளக்கும் கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வார்கிராஃப்டில் சண்டையைப் பதிவு செய்து பிறகு அலசிப் பார்ப்பது சாதாரண வழக்கம். ஃபைனல் ஃபேண்டஸியின் விதிகள் வெளிக்கருவிகளைத் தடைசெய்கின்றன. அங்கே மற்றவரின் எண்ணைச் சாட்டில் எடுத்துப் பேசுவதும் வம்பில் முடியும். உங்கள் கேமின் விதியைப் படிக்காமல் எதையும் நிறுவாதீர்கள்.

"பட்டனைத் தேடிக் கண் கீழே போகிறது"

மேலே சொன்ன அரை வினாடி பெரும்பாலும் இங்கேதான் தொலைகிறது. ஸ்கில்லை மவுஸால் சொடுக்கி ஆடினால் கண் பாரில் இருக்கும், பாஸ் எங்கே நிற்கிறான் என்று தெரியாது. 1 முதல் 5 வரை, பிறகு க்யூ, ஈ, ஆர், எஃப், பிறகு இவற்றோடு ஷிஃப்ட்: இடது கை நகராமலே பதினெட்டு ஸ்கில்களுக்கு இடம் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதிகம் அழுத்தும் மூன்றை மட்டும் முதலில் மாற்றி, அவை கண்ணை மூடினாலும் வரும்வரை அப்படியே ஆடுங்கள். தடுக்கும் ஸ்கில்லுக்கும் தற்காப்பு ஸ்கில்லுக்கும் எல்லாக் கேரக்டரிலும் ஒரே பட்டனை வையுங்கள்.

நடையையும் பாருங்கள். சில கேம்களில் ஏ, டி பட்டன்கள் ஆளைத் திருப்ப மட்டுமே செய்யும், அதுவும் மெதுவாக. செட்டிங்கில் அவற்றைப் பக்கவாட்டில் நகர்வதற்கு மாற்றி, திரும்புவதற்கு மவுஸின் வலது பட்டனைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கை தடுமாறும், பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனமே வராது.

"சிவப்பு வட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அடி விழுகிறது"

இது கேமின் தவறு என்று பலர் நினைத்துக் கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் விதி வேறு. ஃபைனல் ஃபேண்டஸியில் தரையில் உள்ள குறி மறையும் கணத்தில், அதாவது எதிரியின் பட்டை நிரம்பும் கணத்தில், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை சர்வர் குறித்துக்கொள்கிறது. வெடிக்கும் காட்சி அதற்குப் பிறகுதான் திரையில் வரும். வெடிப்பைப் பார்த்து ஓடுபவர் எப்போதும் தாமதம்தான். இதிலேயே ஒரு நன்மையும் உண்டு: குறி மறைந்துவிட்டால், வெடிப்பு முடியக் காத்திராமல் உடனே உள்ளே போய் அடிக்கத் தொடங்கலாம்.

எல்லா வட்டத்தையும் விட்டு ஓடவும் கூடாது. நடுவை நோக்கி அம்புகள் காட்டும் குறி என்றால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று அடியைப் பகிர வேண்டும். புதியவர் பயந்து விலகி ஓடினால் மிச்சமுள்ளவர்கள் அதிகப் பங்கை வாங்குவார்கள். குறி புரியவில்லையென்றால் அதிகம் பேர் எங்கே போகிறார்களோ அங்கே போங்கள்.

அடுத்து பிங். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் போய்வரவே குறைந்தது 100 மில்லிவினாடி ஆகும். எந்த இணையத் திட்டமும் இதைக் குறைக்க முடியாது. ஆகவே கேரக்டர் தொடங்கும் முன்பே அருகில் உள்ள ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். தூரம் மாற்ற முடியாதது என்றால் அதற்கேற்ப ஒரு கணம் முன்னதாக நகரப் பழகுங்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் உங்கள் செயலைக் கணக்கில் எடுக்கிறது. அப்படிப்பட்ட கேமில் பிங் சற்று அதிகமாக இருந்தாலும் ஆட்டம் கெடுவதில்லை.

பிங் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் வைஃபையை விட்டுக் கேபிள் போட்டுப் பாருங்கள். பிங் நன்றாக இருந்து, கூட்டமான ஊருக்குள் மட்டும் திரை திணறினால் அது இணையக் கோளாறு இல்லை, கம்ப்யூட்டரின் சுமை: நிழலின் தரத்தையும் திரையில் தெரியும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

"கைடில் சொல்லும் ஸ்கில் என்னிடம் இல்லை"

மூன்று காரணங்கள்தான். கைடு உச்ச லெவலுக்கு எழுதப்பட்டது, நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. அல்லது கைடு பழையது, நடுவில் வந்த பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) அந்த ஸ்கில்லை எடுத்துவிட்டது. எந்தப் பேட்சுக்கு எழுதியது என்று தேதியைப் பாருங்கள். அல்லது ஸ்கில்லைத் திறக்கும் குவெஸ்டை விட்டுவிட்டீர்கள். ஃபைனல் ஃபேண்டஸியில் இது அடிக்கடி நடக்கும்: தொடக்க கிளாஸ்களில் வந்தவர்கள் லெவல் 30-இல் கிளாஸ் குவெஸ்டுகளை முடித்து ஜாப் கல்லை (கிளாஸை மேம்பட்ட ஜாபாக மாற்றும் பொருளை) வாங்கி மாட்ட வேண்டும். அதைத் தவறவிட்டு நாற்பது, ஐம்பது என்று போய்க்கொண்டே இருப்பவர்களை டன்ஜன்களில் (குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடங்களில்) பார்க்கலாம். பாதிப் பலத்தில் போராடிக்கொண்டிருப்பார்கள், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்த்தால் மரியாதையாகச் சொல்லுங்கள்.

"டன்ஜனுக்குப் போகவே தயக்கம். எல்லோரும் திட்டுவார்களோ?"

இந்தப் பயம் நியாயமானது, அதைக் கடக்கவும் வழி இருக்கிறது. முதலில் மனிதர்கள் இல்லாமலே பழகுங்கள். ஃபைனல் ஃபேண்டஸியில் முக்கியக் கதையின் டன்ஜன்களைக் கேம் தரும் துணைப் பாத்திரங்களோடு ஆடலாம். வார்கிராஃப்டிலும் 2024 ஜனவரி முதல் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அங்கே யாருக்கும் அவசரமில்லை, நின்று குறிகளைப் படிக்கலாம். ஃபைனல் ஃபேண்டஸியில் லெவல் 15-இல் திறக்கும் பயிற்சிக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் டேங்க் (அடியைத் தாங்குபவர்), ஹீலர் (உயிரை ஏற்றுபவர்), டேமேஜ் (எதிரியை அடிப்பவர்) மூன்றின் கடமையையும் கற்றுத்தரும், முடித்தால் கியரும் லெவல் 30 வரை அனுபவப் புள்ளியைக் கூட்டும் மோதிரமும் கிடைக்கும்.

மனிதர்களோடு போகும்போது உள்ளே நுழைந்ததும் ஒரே வரி எழுதுங்கள்: இது எனக்கு முதல் முறை. பலர் இதை மறைக்கப் பார்க்கிறார்கள். மறைத்தால் உங்கள் தடுமாற்றம் அலட்சியமாகத் தெரியும். சொல்லிவிட்டால் அதே தடுமாற்றத்துக்கு உதவி வரும். ஃபைனல் ஃபேண்டஸியில் முதல் முறை வருபவர் கூட இருந்தால் பல டன்ஜன்களில் பார்ட்டி முழுவதுக்குமே கூடுதல் பரிசு உண்டு, ஆகவே அங்கே உங்களை வரவேற்கக் காரணமும் இருக்கிறது. சொன்ன பிறகும் திட்டுகிறவர் இருந்தால் அவரை பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். அவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

உள்ளே என்ன தவறுகிறது என்பது உங்கள் பொறுப்பைப் பொறுத்தது.

டேமேஜ் ஆடுகிறீர்கள், எதிரி உங்களையே துரத்துகிறான்: டேங்க் முதல் அடி கொடுக்கும் முன் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள், அல்லது அவர் அடிக்காத எதிரியை அடிக்கிறீர்கள். எதிரி துரத்தினால் விலகி ஓடாதீர்கள், டேங்கை நோக்கி ஓடுங்கள். ஓடி விலகினால் அவரால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

டேங்க் ஆடுகிறீர்கள், எதிரிகள் உங்களிடம் நிற்கவில்லை: ஃபைனல் ஃபேண்டஸியில் முதலில் டேங்க் ஸ்டான்ஸ் (எதிரிகளை உங்கள் பக்கம் இழுத்து வைக்கும் நிலை) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை மறப்பது மிகச் சாதாரணம். போட்டிருந்தும் நழுவினால், ஒருவனை மட்டும் அடிக்காமல் கூட்டம் முழுவதையும் அடிக்கும் ஸ்கில்லால் தொடங்குங்கள். எதிரிகளின் பட்டியலில் பெயருக்கு அருகே சிவப்புச் சதுரம் இருந்தால் அவன் உங்களிடம்தான் இருக்கிறான். பாஸின் முகம் எப்போதும் மற்றவர்களை விட்டு விலகியே இருக்கட்டும். பல பாஸ்கள் முன்பக்கம் முழுக்க அடிப்பார்கள். தற்காப்பு ஸ்கில்களை உயிர் இருபது சதவீதத்துக்கு வரும்வரை வைத்திருக்காதீர்கள். கூட்டத்தை இழுத்த உடனே, உயிர் நிறைய இருக்கும்போதே ஒன்றைப் போட்டால்தான் அடி குறையும். இது புதிய டேங்குகளிடம் நான் காணும் பெரிய குறை, திருத்தினால் உடனே பலன் தெரிவதும் இதில்தான்.

ஹீலர் ஆடுகிறீர்கள், மானா (ஸ்கில்லுக்குச் செலவாகும் சக்தி) பாதியிலேயே தீர்கிறது: நிறைந்த உயிரை மேலும் நிறைக்கிறீர்கள். எல்லோருடைய பட்டையும் எப்போதும் முழுதாக இருக்கத் தேவையில்லை. அடுத்த அடியைத் தாங்கும் அளவு இருந்தால் போதும். மிச்ச நேரத்தில் எதிரியை அடியுங்கள்.

பரிசுப் பொருளுக்குப் பகடை உருட்டும்போது, இப்போது ஆடும் கிளாஸுக்கு உதவுவதற்கு மட்டும் ‘நீட்’ (தேவை) அழுத்துங்கள். அறியாமல் செய்தாலும் சண்டை வருவது இதில்தான்.

"லெவல் நகரவே இல்லை"

எத்தனை கேரக்டர் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். மூன்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு கிளாஸ் பிடித்திருக்கிறதா என்பது அதன் முக்கிய ஸ்கில்கள் திறந்த பிறகுதான் தெரியும். அதுவரை ஒன்றிலேயே இருங்கள்.

அடுத்து, எங்கே லாக்-அவுட் செய்கிறீர்கள்? வார்கிராஃப்டில் விடுதியிலோ ஊரிலோ நிறுத்தினால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலின் 5 சதவீதம் வீதம் ஓய்வுப் புள்ளி சேரும், அதிகபட்சம் ஒன்றரை லெவல். அது தீரும்வரை எதிரியைக் கொன்றால் இரட்டிப்பு அனுபவம். ஃபைனல் ஃபேண்டஸியிலும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தினால் 50 சதவீதம் கூடுதல் கிடைக்கும். தினமும் ஆட முடியாதவருக்கென்றே வைத்த சலுகை இது. காட்டின் நடுவில் அப்படியே கேமை மூடுகிறவர் அதன் பெரும்பகுதியை இழக்கிறார்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முதலில் அந்த நாளின் முதல் முறைக்குக் கூடுதல் பரிசு தரும் வேலையை முடியுங்கள், பிறகு முக்கியக் கதையைத் தொடருங்கள். வரைபடத்தில் தெரியும் எல்லாப் பக்கக் குவெஸ்டையும் துடைத்து எடுக்க வேண்டியதில்லை. எதிரியின் பெயர் சாம்பல் நிறமானால் அவனைக் கொல்வதில் அனுபவப் புள்ளி கிடைக்காது, அங்கிருந்து கிளம்புங்கள்.

எதிர்பார்ப்பையும் கேமுக்கு ஏற்ப வையுங்கள். ரூன்ஸ்கேப்பில் ஒரு ஸ்கில்லில் 99-ஐ எட்ட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். அதில் பாதி வந்தாலே லெவல் 92. எண் 92 என்று காட்டும்போது பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். கில்டு வார்ஸ் 2-இல் 2012 முதல் உச்ச லெவல் 80-தான், அங்கே சேர்த்த உயர்ந்த கியர் வருடங்கள் கழித்து வந்தாலும் செல்லுபடியாகும். அவ்வப்போது மட்டும் ஆட முடிகிறவருக்கு என்னைக் கேட்டால் இந்த இரண்டாம் வகையைத்தான் பரிந்துரைப்பேன்.

"கையில் காசே நிற்பதில்லை"

லெவல் ஏறும் காலத்தில் சந்தையில் கியர் வாங்குவதை நிறுத்துங்கள். இரண்டு நாளில் குவெஸ்டே அதைவிட நல்லது தரும். பையில் கிடக்கும் மூலப்பொருள்களைக் கடைக்காரப் பாத்திரத்திடம் கொட்டுவதற்கு முன் சந்தை விலையைப் பாருங்கள். தாது, மரம், துணி போன்றவற்றை உச்ச லெவலில் உள்ளவர்கள் மொத்தமாக வாங்குவார்கள். கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், உண்மையில் விற்ற விலையைக் கேம் காட்டினால் அதையே பிடியுங்கள்.

வாங்கி விற்கும் ஆசை வந்தால் கமிஷனைக் கழித்துப் பாருங்கள். கில்டு வார்ஸ் 2 சந்தையில் பட்டியலிட 5 சதவீதம், விற்றதும் 10 சதவீதம் போகும். நூறுக்கு வாங்கி நூற்றுப்பத்துக்கு விற்றால் கையில் வருவது 93.5, நஷ்டம்.

சந்தையே திறக்கவில்லையா? இலவசச் சோதனைக் கணக்காக இருக்கலாம். ஃபைனல் ஃபேண்டஸியின் இலவசக் கணக்கு லெவல் 70 வரை கால வரம்பின்றி ஆட விடும், ஆனால் சந்தையைப் பயன்படுத்த முடியாது, கையிருப்பு 3 லட்சம் கில்லுக்கு (அந்தக் கேமின் காசு) மேல் ஏறாது. வார்கிராஃப்டின் இலவசக் கணக்கு லெவல் 20-இல் நிற்கும்.

காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அது மோசடி. வெளித் தளங்களில் தங்கம் வாங்கினால் கணக்கே தடைசெய்யப்படலாம். இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். செத்தால் கையில் உள்ளதெல்லாம் போகும் ஈவ் ஆன்லைன், ஆல்பியன் ஆன்லைன் போன்ற கேம்களில், ஆபத்தான பகுதிக்குப் போகும்போது போனால் வருத்தப்படாத கியரை மட்டும் மாட்டிக்கொண்டு போங்கள்.

"பல மாதம் கழித்து வந்தேன், எந்த ஸ்கில் எதற்கு என்றே தெரியவில்லை"

பார் முழுக்க முப்பது ஐகான்கள், பை நிறைய பெயர் தெரியாத பொருள்கள். இந்த நிலையில் பலர் கேமையே விட்டுவிடுகிறார்கள். எதையும் விற்காதீர்கள், அழிக்காதீர்கள். பாரில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விளக்கத்தைப் படித்துப் படித்து ஐந்து ஸ்கில்களை மட்டும் திரும்ப வையுங்கள். அவற்றோடு வெளியே போய் எளிய எதிரிகளைக் கொல்லுங்கள். கை பழகியதும் இரண்டு சேருங்கள்.

ஃபைனல் ஃபேண்டஸியில் இதைக் கேமே செய்துதரும். தொடக்க லெவல் டன்ஜனுக்குள் போனால் உங்கள் லெவலும் தற்காலிகமாக இறங்கும், அந்த லெவலுக்கு மேற்பட்ட ஸ்கில்களெல்லாம் பூட்டப்படும். முதலில் பதினைந்து லெவல் டன்ஜன், துணைப் பாத்திரங்களோடு. பிறகு முப்பது, பிறகு ஐம்பது. ஒவ்வொரு படியிலும் புதிதாகத் திறக்கும் இரண்டு மூன்று ஸ்கில்களை மட்டும் படித்தால் போதும். அடுத்த படிக்குப் போவதற்கு முன் பயிற்சிப் பொம்மையிடம் ஐந்து நிமிடம்.